பெர்லினில் அறை தேடுகிறீர்களா? தபால் பெட்டியில் பெயர் ஒட்டக் கூடாது என்றால் அந்த வீடு வேண்டாம்

பெர்லினுக்குப் புதிதாக வந்து வாடகைக்கு அறை தேடும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி, "கீழே தபால் பெட்டியில் உங்கள் பெயர் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அந்த அறையை எடுக்காதீர்கள். என்னிடம் அப்படிச் சொன்ன ஆளிடம் 1400 யூரோ இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு பெயர்ச் சீட்டில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இங்கே அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் வீட்டுக்கென்று தனி எண் கிடையாது. தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, உங்கள் பெயர், அவ்வளவுதான் விலாசம். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். இந்த நாட்டிலோ எல்லாம் கடிதம்தான். வங்கி அட்டை ஒரு உறையில், ரகசிய எண் இன்னொரு உறையில். மருத்துவக் காப்பீட்டு அட்டை, வரி எண், அரசு அலுவலகங்களின் பதில்கள் எல்லாம் அந்தத் தகரப் பெட்டி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இனி நடந்ததற்கு வருகிறேன். புதிதாக வருகிறவருக்கு இங்கே வீடு கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று பலருக்கும் தெரியும். வீட்டுக்காரர்கள் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள், ஷூஃபா எனப்படும் கடன் வரலாற்று அறிக்கை கேட்பார்கள். போன வாரம் விமானத்திலிருந்து இறங்கியவரிடம் இரண்டும் இருக்காது. இந்த இடைவெளியில்தான் சிலர் கடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் தமிழர், அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். மூன்று அறை வீட்டை மொத்தமாகத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். தமிழ்க் குழுக்களில் அவர் போட்ட விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனேன். சமையலறை சுத்தமாக இருந்தது, நகரைச் சுற்றி ஓடும் ரிங் பான் ரயிலின் நிலையத்துக்கு நடந்தே போகலாம், மாதம் 700 யூரோவுக்குள் எல்லாச் செலவும் அடங்கும் என்றார். சாம்பார் கூட ஊற்றினார். (நல்ல சாம்பார்தான், அதை மறுக்கவில்லை.)

அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, சாவி வாங்கும் முன்பே முழுசாக. "வங்கியில ஒரு மாசத்துக்கு மட்டும் போடுங்க தம்பி, மிச்சத்தை கையில கொடுத்துடுங்க. இல்லன்னா எனக்கு வரித் தொல்லை" என்றார். ரசீது கேட்டதற்கு, "நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு தம்பி ரசீதெல்லாம்?" என்று சிரித்தார். சரி, 700 வங்கி வழியாகவும் 1400 ரொக்கமாகவும் கொடுத்தேன்.

அட்வான்ஸ் பற்றி ஜெர்மன் சட்டம் தெளிவாக இருக்கிறது. சூடாக்கம், தண்ணீர் போன்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று சம தவணைகளாகக் கட்டும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. முதல் தவணையே வாடகைக்காலம் தொடங்கும்போதுதான் கட்ட வேண்டும். வாங்கியவர் அதைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும். கேட்டால் ரசீது கொடுத்தாக வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. சாவிக்கு முன்பே முழுத் தொகையும் என்று ஒருவர் சொன்னால், இதில் எதையும் அவர் மதிக்கப் போவதில்லை என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

குடிவந்த பிறகுதான் அசல் பிரச்சினை ஆரம்பித்தது. ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் பியூர்கர்அம்ட் எனப்படும் வட்டார அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும். இதைத்தான் எல்லாரும் ஆன்மெல்டுங் என்கிறார்கள். அதற்கு, வீடு கொடுத்தவர் "இவர் இந்தத் தேதியிலிருந்து இங்கே குடியிருக்கிறார்" என்று கையெழுத்திட்ட ஒரு படிவம் வேண்டும். ஒற்றைப் பக்கம், இலவசமாகவே கிடைக்கும். நான் அதைக் கேட்டதும் அண்ணனின் முகம் மாறியது. "ஓனர் கையெழுத்துப் போட மாட்டார் தம்பி. நானும் போட முடியாது, எனக்கு அந்த அதிகாரம் இல்ல" என்றார். கொஞ்ச நாளில் அவரே மாற்றுவழியும் சொன்னார்: வேறொரு விலாசத்தில் பதிந்து தர ஆள் இருக்கிறார், 400 யூரோ ஆகும், பயப்பட ஒன்றுமில்லை.

இதில் இரண்டு பொய்கள். முதலாவது, தனக்கு அதிகாரம் இல்லை என்றது. உள்வாடகைக்கு விடுகிறவரே சட்டப்படி வீடு கொடுத்தவர், அவர் கையெழுத்தே போதும். ஆனால் அந்தப் படிவத்தில் கட்டட உரிமையாளரின் பெயரையும் எழுத வேண்டும். அண்ணனோ உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அறைகளை விட்டுக்கொண்டிருந்தார். தபால் பெட்டியில் பெயர் கூடாது என்றதற்கும் இதுதான் காரணம், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் புதுப் பெயரைக் கண்டால் கேள்வி வருமே. இரண்டாவது பொய், அந்த 400 யூரோ வழி பாதுகாப்பானது என்றது. குடியிருக்காத இடத்தை விலாசமாகக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பதிந்தவருக்கும் நிம்மதி கிடையாது, அவருக்கு வரும் அரசுக் கடிதமெல்லாம் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பெட்டியில் போய் விழும். பக்கத்து அறைப் பையன் அப்படித்தான் பதிந்திருந்தான். மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணத்துக்கான கடிதங்கள் அந்த விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்தன, கடைசியில் தாமதக் கட்டணம் சேர்ந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. நான் அந்த வழிக்குப் போகவில்லை.

பதியாததால் வரி எண் வரவில்லை. வரி எண் இல்லாததால் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பின்படி பிடித்தார்கள். அந்த வகுப்பில் அடிப்படைச் சலுகை எதுவும் கிடையாது, பிடித்தம் இருப்பதிலேயே அதிகம். பிறகு கணக்கு சரியானதும் கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும் என்பது உண்மைதான், ஆனால் இந்த மாத வாடகையை அதை வைத்துக் கட்ட முடியாதே. வங்கி அட்டை ஒருமுறை திரும்பிப் போனது. காப்பீட்டு அட்டையும் அப்படியே. விசா முடிவதற்குள் குடியேற்ற அலுவலகத்தில் காட்ட விலாசப் பதிவு வேண்டும் என்ற பயம் வேறு.

அலுவலகத்தில் கூட வேலை செய்யும் ஒரு அக்காதான் வழி சொன்னார். வீடு கொடுத்தவர் படிவம் தர மறுத்தால், அதை நாமே உடனே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதுவும் சட்டத்தில் இருக்கிறது. பெர்லினில் எந்த வட்டாரத்தின் பியூர்கர்அம்ட்டுக்கும் போகலாம், நம் வட்டாரத்துக்கே போக வேண்டும் என்றில்லை. முன்பதிவு நேரம் கிடைக்கவில்லையென்றால் காலையில் இணையத்தில் பாருங்கள், மற்றவர்கள் ரத்து செய்த நேரங்கள் அப்போது திறக்கும். 115 என்ற எண்ணிலும் கேட்கலாம். வாடகை ஒப்பந்தம், வங்கிப் பரிமாற்றச் சீட்டு, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். படிவம் தர மறுப்பவருக்கு 1000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். தம்பி என்று கூப்பிட்ட வாய் அப்படியே மாறியது. "நாளைக்கே ரூமைக் காலி பண்ணு" என்றார். நீதிமன்ற ஆணை இல்லாமல் பூட்டை மாற்றி யாரையும் வெளியே தள்ள முடியாது என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஆனால் தெரிந்து என்ன, அந்த வீட்டில் தூக்கம் வருமா? அக்காவுக்குத் தெரிந்த பகிர்வு வீட்டில் அறை கிடைத்ததும் கிளம்பினேன். போகும் முன் சுவர், தரை, ஜன்னல் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டேன். எதிர்பார்த்தபடியே சுவருக்குப் பெயிண்ட், தரையில் கீறல், சுத்தம் செய்த கூலி என்று ஒரு பட்டியல் அனுப்பினார். அட்வான்ஸ் முழுவதும் அதிலேயே தீர்ந்துவிட்டதாம்!

குடியிருப்போர் சங்கத்தில், அதாவது மீட்டர்ஃபெராய்னில், உறுப்பினராகச் சேர்ந்தேன். இதைப் பலர் வீண்செலவு என்கிறார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே வழக்கறிஞர் சொன்னபடி கெடு தேதி போட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. அப்புறம் வெடிங் பகுதி நீதிமன்றம் வழியாகப் பணக்கோரிக்கை ஆணை அனுப்பச் செய்தேன். பெர்லினுக்கும் பிராண்டன்பர்க்குக்கும் இந்த வேலை அங்கேதான் நடக்கிறது. அதற்கு வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆணை கையில் கிடைத்தவர் மறுப்புத் தெரிவிக்க இரண்டு வாரம் அவகாசம் உண்டு. அண்ணன் பாதிக்கு மேல் மறுத்தார். வங்கி வழியாகப் போட்ட 700 யூரோவை, "அட்வான்ஸ்" என்று நான் காரணம் எழுதியிருந்ததால் வாய் திறக்காமல் திருப்பிப் போட்டுவிட்டார். ரொக்கமாக வாங்கிய 1400 யூரோவைப் பார்த்ததே இல்லை என்கிறார். இனி வழக்கு நடத்த வேண்டும், கையில் இருப்பது ஒரு வாட்ஸ்அப் செய்தியும் பக்கத்து அறைப் பையனின் சாட்சியும்தான்.

அந்த அறை இப்போது மறுபடியும் விளம்பரத்தில் இருக்கிறது. அதே சமையலறைப் படம், "தமிழர்களுக்கு முன்னுரிமை, பதிவு பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்" என்ற வரி. அந்த வரியைப் பார்த்தால் நேரில் பேச வேண்டாம். படிவம் தருவீர்களா, எந்தத் தேதி போட்டுத் தருவீர்கள், பெட்டியில் என் பெயர் ஒட்டலாமா என்று எழுத்திலேயே கேளுங்கள். ஏற்கெனவே இப்படி ஒரு வீட்டில் இருப்பவர்கள், இரண்டு வாரம் தாண்டிவிட்டதே என்று பயந்து உட்கார்ந்திருக்காமல், கையில் இருக்கும் காகிதங்களோடு பியூர்கர்அம்ட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.