உயிலும் வழக்குக் கட்டும் கொண்டு அடிமைகளைத் தேடுவது: புதுச்சேரி, கடலூர் ஆவணங்களோடு நீண்ட நாள் பழகிய அனுபவம்

புதுச்சேரியிலிருந்து மொரீசியசுக்கும் ரெயூனியனுக்கும் கப்பலேற்றப்பட்டவர்கள், இங்கேயே வெள்ளைக்காரர் வீடுகளில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்கள் ஆகியோரைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். அடிமையின் பெயரை வைத்துத் தொடங்கினால் தேடல் அநேகமாக முதல் நாளிலேயே நின்றுவிடும். சொத்து கைமாறும்போதுதான் அவர் காகிதத்தில் ஏறுகிறார். ஆகவே தேட வேண்டியது எஜமானை, குறிப்பாக அவர் இறந்த வருஷத்தை.

அதிகம் கைகொடுப்பது, பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தின் இணையதளம். புதுச்சேரியின் ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகள் 1676 தொடங்கிப் படங்களாக, காசில்லாமல் கிடைக்கின்றன. குறை என்னவென்றால், ஊரையும் ஆண்டையும் தேர்ந்துகொண்டு பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஒரு பதிவு சில வரிகள்தான். ஓரத்தில் ஞானப்பெயர், உள்ளே தோராயமான வயது, 'எஸ்க்லாவ்' (அடிமை) என்ற பிரெஞ்சுச் சொல், அதையடுத்து எஜமான் பெயர், கடைசியில் ஞானப்பெற்றோர். அந்த ஞானப்பெற்றோர் பெயர்களைக் குறித்துக்கொள்ளாமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள். பல வருஷம் கழித்து ஓர் உயிலில் அதே பெயர்கள் தலைகாட்டும்போதுதான் அவற்றின் மதிப்பு தெரியும். ஐரோப்பியரையும் தொப்பாசியரையும் (போர்ச்சுகீசியக் கலப்பு வழிவந்த கிறிஸ்தவர்கள்) கப்புச்சின் சாமியார்கள் கவனித்தார்கள், தமிழ்க் கிறிஸ்தவர்களைச் சேசுசபையார் கவனித்தார்கள். ஐரோப்பியர் வீட்டு அடிமையை முதலில் கப்புச்சின் ஏட்டில் பாருங்கள்.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதற்கு முந்தைய காகிதங்களில் இடைவெளி விழுவதில் ஆச்சரியமில்லை. 1776 ஜூனில் வந்த அரச ஆணைதான் பிந்தைய காலத்தைக் காப்பாற்றியது: குடியேற்றங்களின் பதிவேடுகள், நொத்தேர் (பத்திரம் எழுதிப் பதியும் அதிகாரி) பத்திரங்கள், நீதிமன்ற ஏடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு படி வெர்சாய்க்குப் போக வேண்டும் என்றது அது. திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் சுந்தரர் கிழித்தது படி ஓலை, மூல ஓலை கிழவர் கையில் பத்திரமாக இருந்தது. இங்கே பல சமயம் மூலம் போய்ப் படிதான் மிஞ்சியிருக்கிறது.

உள்ளூர்க்காரர் வழக்குகளுக்குச் சாவடி நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. 1766 முதல் 1817 வரையிலானவை அச்சில் வந்திருக்கின்றன. பிரெஞ்சு ஓரளவு தெரிந்தால் போதும், வாக்கியங்கள் திரும்பத் திரும்ப ஒரே அச்சில்தான் வரும்.

கடலூர் பக்கம் கதை வேறு. செயின்ட் டேவிட் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1690இல். இங்கே இறந்த ஆங்கிலேயரின் உயிலுக்குச் சென்னை மேயர் கோர்ட்டைப் பார்க்க வேண்டும், 1801க்குப் பிறகு சுப்ரீம் கோர்ட்டை. 1746 முதல் 1752 வரை சென்னைக்குப் பதிலாகக் கடலூர்தான் ஆங்கிலேயரின் தலைமையிடம். அந்த வருஷங்களுக்குக் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளைப் புரட்டுங்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உயில்கள் எல்/ஏஜி/34/29 வரிசையிலும், சொத்துப் பட்டியல்கள் 34/27இலும் இருக்கின்றன. உயிலோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. 'விடுதலையும் இத்தனை பகோடாவும்' (அக்காலப் பொற்காசு) என்று உயில் சொல்லும். பணம் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்பது உயில் நிறைவேற்றியவரின் கணக்கில்தான் தெரியும்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. 1752 வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியில் இருந்தார்கள், புத்தாண்டு மார்ச் 25இல். 1700க்குப் பின் பிரெஞ்சுத் தேதி 11 நாள் முன்னே ஓடும். இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்களில் ஒரே கப்பலுக்கு இரண்டு தேதி என்றால் அது வேறு கப்பல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

விடுதலைக்கு ஒரே காகிதம் போதாது. ரெயூனியன், மொரீசியஸ் தீவுகளுக்கான 1723ஆம் ஆண்டுச் சட்டத்தில், எஜமான் விடுவித்தாலும் கவுன்சிலின் அனுமதி வேண்டும். காகிதம் இருந்தும் பயனில்லாமல் போனதும் உண்டு. வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்தர்நகோரில் பிறந்த மதலேன் என்ற பெண் 1789இல் விடுவிக்கப்பட்டார், ஆனால் அவரிடமிருந்தே அது மறைக்கப்பட்டது. மகன் ஃபுர்சி 1817இல் ரெயூனியனில் வழக்காடத் தொடங்கி, 1843 டிசம்பரில்தான் பாரிஸ் நீதிமன்றத்தில் பிறவியிலேயே சுதந்திரர் என்ற தீர்ப்பைப் பெற்றார். ஒருவர் அடிமைப் பட்டியலில் இருப்பதாலேயே அவர் சட்டப்படி அடிமை என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மொரீசியஸ் அடிமைப் பதிவேடுகள் லண்டன் க்யூ காப்பகத்தில் டி 71 (T 71) வரிசையில் உள்ளன. ரெயூனியனில் 1848 டிசம்பர் 20இல் விடுதலையானபோது புதுக் குடும்பப்பெயர் எழுதிய பதிவேடுகள் தனி. முத்து என்ற பெயரில் 'உ'கரத்துக்குப் பிரெஞ்சுக்காரர் ஓ, யூ என்று இரண்டெழுத்து போடுவார். ஆங்கிலேயர் ஒற்றை யூவோ இரட்டை ஓவோ போடுவார். மூன்றையும் தேடிப் பாருங்கள்.

பண்ணையாள், படியாளாகக் கிடந்த நிலத்தடிமைகளுக்கு இந்த வழி எதுவும் எடுபடாது. 1843இன் 5ஆம் சட்டத்துக்குப் பிறகு அடிமை உரிமையைக் கோர்ட் ஏற்கவில்லை, ஆகவே அந்தச் சொல்லை வைத்துத் தேடிப் பயனில்லை. முன்பணம், கடன் பத்திர வழக்குகளையும், முன்பணம் வாங்கிய வேலையாளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வழிசெய்த 1859இன் 13ஆம் சட்டத்தின் கட்டுகளையும் எடுத்துப் பாருங்கள்.