பெப்பு ஹோட்டலில் எங்கள் கட்டிலை விரித்தவர்கள்

திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் 22 வருடம் ஹவுஸ்கீப்பிங் பார்த்தவன் நான். ரூம்போயாகச் சேர்ந்து சூப்பர்வைசராக விலகினேன். அதனால் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் ஜன்னலைத் திறந்து கடலைப் பார்ப்பதற்கு முதல் அலுமாரிக்கு மேலே விரலை ஓட்டிப் பார்ப்பேன். மனைவிக்கு இது பெரிய வெட்கம். ஜப்பானிலும் அதைத்தான் செய்தேன்.

மகன் பெப்பு நகரில் உள்ள ரிட்சுமெய்க்கன் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் படித்தவன். இப்போது ஃபுக்குவோக்காவில் வேலை. "அப்பா, நீங்கள் ஊராருக்கு விரித்தது போதும், ரெண்டு நாளைக்கு ஆராவது உங்களுக்கு விரிக்கட்டும்" என்று அவனே பதிந்துவிட்டான். இரண்டு பேருக்கு, இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து, ஓர் இரவுக்கு 72,000 யென். நம் இலங்கைக் காசில் ஒன்றரை லட்சத்துக்குக் கிட்ட. மனைவிக்கு இன்னும் இந்தக் கணக்குத் தெரியாது.

ஃபுக்குவோக்காவின் ஹக்காட்டா நிலையத்திலிருந்து சொனிக் ரயிலில் இரண்டு மணித்தியாலம். பெப்பு, திருகோணமலை மாதிரியே குடாவைப் பார்த்திருக்கும் ஊர். ஆனால் இங்கே தெருவோரக் கானிலிருந்தும் ஆவி கிளம்புகிறது. ஊருக்குள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வெந்நீரூற்றுகள். எங்கள் ஹோட்டல் மேலே, மியோபன் என்ற மலைப் பக்கம். வழியில் வைக்கோல் வேய்ந்த குடிசைகள் வரிசையாக நின்றன. யாரோ பாவப்பட்ட சனம் குடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். குளியல் உப்பு விளைய வைக்கும் குடிசைகளாம்.

ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று மணிக்குத்தான் அறை. சுத்தம் செய்து முடித்த தள்ளுவண்டி எங்கள் மாடியிலிருந்து இறங்கியதை என் கண்ணால் கண்டேன். அறை தயார் என்பது எனக்குத் தெரியும், வரவேற்பில் நின்ற பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி தந்தார்களே தவிர, திறப்பைத் தரவில்லை. மூன்றாவது தேத்தண்ணியும் வந்தது. எங்கள் ஹோட்டலில் என்றால், வெயிலில் வந்த வயதான ஆக்களை இப்படி இருத்தி வைத்திருக்க மாட்டோம். இது என் முதல் குறை.

அறைக்குள் போன பிறகு குறை சொல்ல வாயே வரவில்லை. அலுமாரியின் மேல் தூசி இல்லை, படச் சட்டத்தின் மேலும் இல்லை. பெட்சீட்டின் மூலை மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன். நான் புதுப் பெடியன்களுக்கு மாதக் கணக்கில் சொல்லிக் கொடுத்தும் வராத மடிப்பு. கடைசியில் குளியலறைக் காற்றாடியின் வலையில் கொஞ்சம் தூசி கண்டுபிடித்தேன். மனம் ஆறியது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, மனைவி சைவம். மிசோ என்ற சோயா விழுதில் செய்த சூப்பை மணந்து பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, இதுக்குள்ள மாசி கிடக்கு" என்றாள். பரிமாறிய பெண்ணிடம் மகன் போனில் கேட்டான். உண்மைதான், மாசிக்கருவாட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒன்றைச் சீவி அவித்துத்தான் இவர்களுடைய முக்கால்வாசிச் சூப்பும். சைவம் என்று முன்கூட்டியே சொல்லாதது எங்கள் பிழை. இருபது நிமிடத்தில் கடற்பாசியும் காய்ந்த காளானும் போட்டு அவித்த வேறு சூப் வந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு ஒருவரும் நினைவூட்டவில்லை. அவளுடைய தட்டுகள் எல்லாமே தனியாக வந்தன.

இனிக் குளியல். எங்கள் ஊர்க் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் சின்ன வயதிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றியவர்கள் நாங்கள். ஏழு கிணறு, ஏழு சூடு, உடுப்போடு குளிப்பு. இங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு இடம், ஆனால் உடம்பில் ஒரு நூல் இருக்கக்கூடாது. முதலில் குட்டி முக்காலியில் இருந்து தேய்த்துக் குளித்து, அழுக்கெல்லாம் போன பிறகுதான் தொட்டிக்குள் இறங்கலாம். கையிலிருக்கும் சின்னத் துவாயும் தண்ணீரில் படக்கூடாது, அதைத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். மனைவி மாட்டேன் என்றே நின்றாள். பிறகு ஒருவரும் இல்லாத விடிய ஐந்து மணிக்குப் போனவள் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தாள். முழங்கால் நோவு போய்விட்டது என்றாள். அடுத்த வாக்கியம், "என்ர மெட்டி கறுத்துப் போச்சு."

கந்தகத் தண்ணீர் வெள்ளியைக் கறுக்க வைக்கும். உடுப்பு மாற்றும் அறையில் அறிவித்தல் இருந்ததாம், ஜப்பானிய மொழியில் மட்டும். இவ்வளவு காசு வாங்கும் இடத்தில் ஒரு படமாவது போட்டிருக்கலாம். சொன்னதும் வாங்கிக்கொண்டு போய், மாலையில் சின்னப் பையில் போட்டுத் தந்தார்கள். ஒன்று பளபளவென்று வந்தது. மற்றது இன்னும் மங்கல்தான்.

நானும் ஒரு பிழை விட்டேன். யுகாத்தா என்ற பருத்தி அங்கியை வலப்பக்கம் மேலே வரக் கட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு பணியாளர் ஓடி வந்து, கையால் மாற்றிக் காட்டினார். அப்படிக் கட்டுவது பிணத்துக்காம். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது, பிட்டுப் பானையை அடுப்பில் விட்டுவிட்டு ஓடியவர் என் அப்பம்மா. அவருடைய பேரனுக்கு ஜப்பான்காரன் உடுப்புத் திருத்திக் கட்டி விட்டதைச் சொன்னால் நம்பியிருப்பாரோ தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை, தலையணிக்குக் கீழே ஆயிரம் யென் வைத்துவிட்டுப் போனேன். வேலை செய்த காலத்தில் சம்பளம் அரிசிக்கு, டிப்ஸ் பிள்ளைகளின் டியூஷனுக்கு. அதனால் எங்கே தங்கினாலும் வைப்பேன். திரும்பி வந்தபோது காசு ஓர் உறைக்குள், மேசையில், ஒரு குறிப்போடு. படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். "தவறவிட்ட காசு, தயவுசெய்து எண்ணிப் பார்க்கவும்" என்று எழுதியிருக்காம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. அந்த ஆளை நேரில் கண்டு கதைக்க ஆசைப்பட்டேன். இரண்டு நாளும் யார் எங்கள் அறையைச் செய்தார்கள் என்று காணவே முடியவில்லை. நாங்கள் வெளியே போவது அவர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ!

போகிறவர்களுக்கு: குடாப் பக்கத்து அறையைக் கேளுங்கள், மூன்று மணிக்கு முதல் போகாதீர்கள், வெள்ளி நகையை வீட்டில் வையுங்கள்.

சனிக்கிழமை வெளிக்கிட்டபோது மூன்று பேர் வாசலில் நின்று, டாக்சி வளைவில் திரும்பும் வரை கை காட்டினார்கள். நாங்களும் நிலாவெளியில் கை காட்டியவர்கள்தான். ஆனால் வான் கேட்டைத் தாண்டியதும் பெட்சீட் உருவ ஓடிவிடுவோம். இவர்களும் ஓடுவார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மூவரும் அசையவில்லை. மேலே பார்த்தால், எங்கள் அறை ஜன்னல் ஏற்கெனவே திறந்து கிடந்தது. உள்ளே யாரோ வெள்ளைத் துணி ஒன்றை உதறிக்கொண்டிருந்தார்.