பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்த வாட்ச்கள்: நீண்ட நாள் அனுபவம்

பிள்ளைகள் வளர்ந்ததும் கொடுக்கலாம் என்று விலையுயர்ந்த வாட்ச் வாங்குபவர்கள், எந்த மாடல் என்பதிலேயே எல்லா யோசனையையும் தீர்த்துவிடுகிறார்கள். வாங்கிய பிறகு இருபது வருடம் அதை எப்படி வைத்திருப்பது என்று யாரும் கேட்பதில்லை. செலவும் தொல்லையும் அங்கேதான் இருக்கின்றன. இதை ஒரு வாட்ச்சின் விமர்சனமாகப் பார்க்காமல், வைத்துக் காப்பாற்றும் வேலையின் விமர்சனமாகப் படியுங்கள்.

என்னிடம் இருப்பவை மூன்று. மகள் பிறந்த சமயத்தில் வாங்கிய ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர், 36 மி.மீ. அகலம், கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக், தேதி காட்டாதது. மகன் பிறந்த பிறகு வாங்கிய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டியது. சில வருடம் கழித்து, இருவரில் யாருக்காவது ஆகும் என்று வாங்கிய கிராண்ட் செய்கோ குவார்ட்ஸ், அதாவது செல்லில் ஓடுவது. மகள் இப்போது வேலைக்குப் போகிறாள், மகன் கல்லூரியில் படிக்கிறான். அதனால் 'எதிர்காலத்தில் கொடுப்போம்' என்ற அந்த எதிர்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தே விட்டது.

எக்ஸ்ப்ளோரரைப் பல வருடம் லாக்கரில் வைத்திருந்தேன். ஸ்பீட்மாஸ்டரை முதல் நாளிலிருந்தே கையில் கட்டினேன். ஆக, பூட்டி வைத்தால் என்ன ஆகும், கட்டினால் என்ன ஆகும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடிந்தது.

பூட்டி வைத்தால் புதிதாகவே இருக்கும் என்பது பாதி உண்மைதான். எஃகுக்கு ஒன்றும் ஆகாது, கண்ணாடிக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் உள்ளே இருக்கும் எண்ணெய்க்கும், தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையங்களுக்கும் வாட்ச் ஓடுகிறதா நிற்கிறதா என்ற கணக்கே கிடையாது. ஓடாவிட்டாலும் வயது ஏறிக்கொண்டே இருக்கும். தன் வாட்ச்களைச் சுமார் பத்து வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது ரோலெக்ஸ். ஒமேகா சொல்வது ஐந்திலிருந்து எட்டு வருடம். அதாவது பிறந்த குழந்தைக்கு வாங்கி இருபத்தைந்து வயதில் கொடுப்பதென்றால், ஒரு வாட்ச்சுக்கு இரண்டு மூன்று முழு சர்வீஸ் வந்தே தீரும். இந்தத் தொகையை வாங்கும் அன்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாட்ச் என்றால் மூன்று மடங்கு. சேகரிப்பு பெருகப் பெருக, பிள்ளைகளுக்குச் சொத்து சேர்க்கிறோமா, சர்வீஸ் பில் சேர்க்கிறோமா என்று சந்தேகமே வந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், முதலில் கிழடானது வாட்ச் வந்த பெட்டிதான். தோல் மாதிரி இருக்கும் அந்த மேலுறை பிசுபிசுத்து, தொட்டால் செதில் செதிலாகக் கையோடு வருகிறது. உள்ளே இருந்த பஞ்சும் பொடியாகிவிட்டது. இதெல்லாம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைச் சமாச்சாரம். ஈரப்பதம் பட்டால் காலப்போக்கில் உதிரும். வாட்ச்சை அந்தப் பெட்டியிலேயே வைத்திருப்பவர்கள் ஒரு முறை திறந்து பாருங்கள். நான் வாட்ச்சை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை போட்ட காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். பழைய பெட்டி காலியாகத் தனியே கிடக்கிறது. தோல் ஸ்ட்ராப்பும் அப்படித்தான், கட்டாமல் வைத்தால் ஒன்று பூஞ்சை பிடிக்கும், இல்லையென்றால் காய்ந்து வெடிக்கும். நீண்ட நாள் வைக்கப்போகிறீர்கள் என்றால் எஃகுச் செயின் போட்டதையே வாங்குங்கள்.

இனி ஸ்பீட்மாஸ்டர். இதன் மேல் கண்ணாடி உண்மையில் கண்ணாடியே இல்லை, ஹெசலைட் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். 1969-ல் நிலவுக்குப் போனவர்கள் கட்டியிருந்த வாட்ச்சிலும் இதுதான். அடிபட்டாலும் சில்லுசில்லாகச் சிதறாது, ஆனால் சட்டைப் பொத்தான் உரசினால்கூடக் கீறும். அந்தக் கீறலைப் போக்குவது எனக்குப் பிடித்த வேலை. பட்டாணி அளவு பிளாஸ்டிக் பாலிஷ் பேஸ்ட்டைப் பழைய பனியன் துணியில் எடுத்து, கீறலுக்குக் குறுக்காக அழுத்தித் தேய்க்க வேண்டும். முதலில் முழுக்க மங்கிப்போய் வயிற்றைக் கலக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் சூடு ஏறி, மங்கல் விலகி, கீறல் இருந்த இடமே தெரியாது. மகன் சின்ன வயதில் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். வாட்ச்சில் அவனுக்கு ஆர்வம் வந்த ஒரே தருணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கீறல்களைப் பற்றி இன்னொன்று. ஒரு முறை சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில், கேட்காமலேயே உடல் முழுக்கப் பாலிஷ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளில் கத்தி முனை மாதிரி ஓடும் அந்த வளைந்த விளிம்பு மழுங்கிப்போய்விட்டது. பாலிஷ் என்பது உலோகத்தைச் சுரண்டி எடுப்பது, போன உலோகம் போனதுதான். அன்றிலிருந்து சர்வீஸ் படிவத்தில் என் கையாலேயே எழுதிவிடுகிறேன்: பாலிஷ் வேண்டாம், டயலையும் முட்களையும் கேட்காமல் மாற்ற வேண்டாம், மாற்றிய பாகங்களைத் திருப்பித் தரவும். சில இடங்களில் பழைய பாகங்களைத் தர மாட்டார்கள். கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிராண்ட் செய்கோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமை. உள்ளே இருப்பது 1993-ல் வந்த 9எஃப் வகை இயந்திரம். வருடத்துக்குப் பத்து விநாடிக்குள் முன்பின் என்பது நிறுவனத்தின் கணக்கு. செல் சுமார் மூன்று வருடம் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: எந்த குவார்ட்ஸ் வாட்ச்சையும் தீர்ந்துபோன செல்லோடு வைத்துவிடாதீர்கள். செல் கசிந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே அரித்துப்போகும். பல வருடம் தொடப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றிவிட்டு வைப்பதுதான் சரி.

ஆட்டோமேட்டிக் வாட்ச்சைச் சுற்றிக்கொண்டே இருக்கும் வைண்டர் பெட்டி தேவையா என்று பலரும் கேட்கிறார்கள். தேவையில்லை. நிற்கட்டும். மாதம் ஒரு முறை எடுத்துச் சாவி கொடுத்துப் பார்த்தால் போதும். சாவி கொடுக்கும் குமிழான கிரவுன் மரை போட்டதாக இருந்தால், அதைத் திரும்ப இறுக்க மட்டும் மறக்காதீர்கள். திடீரென்று ஒரு நாளைக்கு நிமிடக் கணக்கில் வேகமாக ஓடினால் உடனே சர்வீஸுக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தக் கொக்கி, டேப்லெட் உறை எதுவும் காரணமாக இருக்கலாம். காந்தம் எடுக்கும் சின்னக் கருவி இருந்தால் விநாடிகளில் சரியாகிவிடும்.

பிள்ளை பிறந்த வருடத்தில் செய்த பழைய வாட்ச்சாகப் பார்த்து வாங்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஆசை புரிகிறது. பட்டேக் பிலிப் போன்ற சில நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவேட்டைப் பார்த்து, எந்த வருடம் செய்தது என்று சான்றும் கொடுக்கின்றன. ஆனால் 1990களின் இறுதி வரை பல வாட்ச்களில் இருட்டில் ஒளிர்வதற்கு ட்ரிடியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசினார்கள். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், பன்னிரண்டு வருடத்துக்குச் சற்று அதிகம். இருபத்தைந்து வருடத்தில் கால் பங்குகூட மிஞ்சாது, ஒளியும் போயே போய்விடும். அதற்குப் பிறகு வந்த சூப்பர்லூமிநோவா வகை ஒளிர் பூச்சில் இந்தத் தொல்லை இல்லை. ட்ரிடியத்துக்கும் முந்தைய, கதிரியக்கமுள்ள ரேடியம் பூசிய பழைய வாட்ச் கைக்கு வந்தால் வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள்.

ஸ்மார்ட் வாட்ச்சை இந்தக் கணக்கிலேயே சேர்க்க முடியாது. 2015-ல் ஆப்பிள் பத்தாயிரம் டாலரிலிருந்து தங்க வாட்ச் விற்றது. 2018-ல் வந்த புதிய மென்பொருள் அதில் ஏறவே இல்லை. அன்று பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் சேர்வதற்குள் வாட்ச் பழசு.

சரி, இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வரும் சிக்கலுக்கு வருகிறேன். வாங்கும்போது சமமாகத்தான் வாங்குவோம். மறுவிற்பனைச் சந்தைக்கு அந்த நியாயம் தெரியாது. ரோலெக்ஸ் எஃகு மாடல்கள் 2022 தொடக்கம் வரை தாறுமாறாக ஏறி, பிறகு இறங்கின. நல்ல குவார்ட்ஸ் வாட்ச் எவ்வளவு துல்லியமாக ஓடினாலும் கையில் வாங்கிய மறுநாளே விலை குறையும். அக்காவுக்குக் கொடுத்தது ஒரு விலை, தம்பிக்குக் கொடுத்தது வேறு விலை என்று ஆகிவிடும். சமமாகப் பங்கு போட வேண்டும் என்றால் பணமாகவோ தங்கமாகவோ போட்டு வையுங்கள். வாட்ச்சை அதற்குப் பயன்படுத்தினால் மனத்தாங்கல்தான் மிச்சம். நாங்கள் இதை இருவரிடமும் வெளிப்படையாகவே பேசிவிட்டோம். எதன் இன்றைய விலை என்ன என்று அவர்களுக்கும் தெரியும்.

பெரியவர்கள் போடும் திட்டப்படி வாட்ச் போவதும் இல்லை. நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோஆன் உட்வர்ட் ஒரு ரோலெக்ஸ் டேடோனா வாங்கிக் கொடுத்தார். அதை நியூமன் 1984-ல் மகளின் அன்றைய காதலருக்கு, மணி என்ன என்று கேட்டு, அவர் கையில் வாட்ச் இல்லாததைப் பார்த்து, எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தக் காதலரும் பல வருடம் அதைச் சும்மா கட்டிக்கொண்டுதான் இருந்தார். 2017-ல் நியூயார்க் ஏலத்தில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. பரம்பரைச் சொத்து என்று நியூமன் பூட்டி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் வீட்டிலும் திட்டம் திசை மாறியது. மகளுக்கு முதல் வேலை கிடைத்ததும் மூன்றையும் மேசை மேல் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவளுக்கென்றே லாக்கரில் இருந்த எக்ஸ்ப்ளோரரைக் கட்டிப் பார்த்தாள், கழற்றி வைத்தாள். "ரெண்டு நாள் கட்டலன்னா நின்னுடுமாப்பா? காலைல அவசரத்துல யாரு மணி வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு கிராண்ட் செய்கோவை எடுத்துக்கொண்டாள். மூன்றில் மறுவிற்பனை விலை மிகக் குறைந்தது அதுதான் என்று சொல்லியும் பார்த்தேன். அவள் அதை விற்கப்போவதில்லையாம். எக்ஸ்ப்ளோரரை இப்போது என் மனைவி தினமும் கட்டுகிறாள். 36 மி.மீ. என்பதால் யார் கைக்கும் பொருந்துகிறது. 1960களில் ஆண்கள் வாட்ச்சே 34, 36 மி.மீ.தான். நடுவில் 44 வரை போய், இப்போது திரும்பவும் சிறியதற்கு வந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கென்று வாங்குபவர்கள் அன்றைய மோஸ்தரைப் பார்க்காமல் 36-லிருந்து 39-க்குள் நிற்பது புத்திசாலித்தனம்.

காகிதங்கள் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பில், வாரன்டி கார்டு, ஒவ்வொரு சர்வீஸ் ரசீது, வரிசை எண், நான்கு பக்கமும் எடுத்த படம், எல்லாம் ஒரே கோப்பில், வாட்ச் இருக்கும் இடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். திருட்டுப் போனால் காப்பீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் இவைதான் பேசும். யாருக்கு எது என்பதை உயிலில் ஒரு வரி எழுதிவிடுவதும் நல்லது.

இன்று ஆரம்பிப்பதாக இருந்தால் என்ன செய்வேன்? பிள்ளைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். எஃகு, தேதி இல்லாதது, பல இடங்களிலும் சர்வீஸ் கிடைக்கும் இயந்திரம். வாங்கியதை நானே கட்டுவேன். லாக்கர் வாடகை மிச்சம்.

ஸ்பீட்மாஸ்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மகன் கையில் ஸ்மார்ட் வாட்ச். இன்னொன்று எதற்கு என்பான். ஆனால் தேர்வறைக்குள் ஸ்மார்ட் வாட்ச்சை விடுவதில்லை. அதனால் ஒவ்வொரு செமஸ்டரிலும் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறான், சாவியும் அவனே கொடுத்துக்கொள்கிறான். சர்வீஸுக்கு நேரம் வந்துவிட்டது. கொடுத்தால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அவன் பரீட்சை அட்டவணையைக் கேட்டுவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும்.