ஏரிக்கு தெர்மாகோலா, தூர் வாருறதா?

வெயில் ஏறினா போதும், கிருஷ்ணகிரி பக்கம் ஏரித்தண்ணி ஆவியாகாம தெர்மாகோல் போட்டு மேல மூடலாமா இல்ல தூர் வாரலாமான்னு ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்டயே கேக்கறாங்க.

செலவு: தெர்மாகோல் மலிவுன்னு தோணும், ஏரி முழுக்க போட கட்டுப்படியாகாது. தூர் வார ஜேசிபி, டிப்பர் வாடகை ஆகும், ஆனா எங்க ஏரி வண்டல் கையில எடுத்தா வெண்ணெயா வழுக்கும், மாந்தோப்புக்கு அடிச்சா உரச்செலவு குறையுது.

உழைக்குமா: 2017 ஏப்ரல்ல வைகை அணைல அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜூ விட்ட அட்டைங்க செல்லோடேப் போட்டு ஒட்டியும் காத்துல கரை ஒதுங்கிடுச்சு, பாத்தப்ப வயிறு எரிஞ்சுது. 2015ல அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்தேக்கத்துல 9.6 கோடி கருப்பு பிளாஸ்டிக் பந்து மிதக்க விட்டாங்க, அது நின்னுச்சு.

சுலபம்: தூர் வார ஏரி வத்தணும், மே மாசம் விட்டா கஷ்டம்.

சின்ன பண்ணைக்குட்டைன்னா நிழல்வலை கட்டுங்க. ஏரின்னா தூர்தான், வரத்துக்கால்வாயையும் சேத்து கேளுங்க.