ஆமை நடை: பிள்ளைகளை அழைத்துப் போங்கள்

சென்னையில் மாணவர்கள் சேர்ந்து 1988-இல் தொடங்கிய எஸ்.எஸ்.டி.சி.என். என்ற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் ஆமை நடைக்கு, அதாவது ராத்திரியில் கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தேடிப் போகும் நடைக்கு, என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர், ராத்திரி முழுக்க மணலில். கால் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் சொல்லித் தருகிற விதம் இருக்கிறதே, அருமை! மணலில் பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமை) தடத்தைக் காட்டி, எங்கே முட்டையிட்டிருக்கும் என்று பிள்ளைகளையே யோசிக்க விட்டார்கள். தன்னார்வலர் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, கையால் தோண்டினார். பிங்பாங் பந்து போல வெள்ளை முட்டைகள். ஒரு குழியில் நூறுக்கு மேலும் இருக்குமாம். நாய்களிடமிருந்து காப்பாற்ற அவற்றைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போகிறார்கள். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது என்றதும் கேள்விகள் நிற்கவே இல்லை.

கரையோர விளக்குகள்தான் எனக்குத் தாங்கவில்லை. குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கிப் போய்விடும்.

ஜனவரி முதல் மார்ச் வரை சரியான காலம். ஆமை கண்ணில் படும் என்று உறுதி கிடையாது, அதை முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சின்னக் குழந்தைகள் என்றால், குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க மட்டும் போகலாம்.