தோலுக்கடியில் ஒரு நொதி மின்முனை: ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் குறித்து

அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே, மேற்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு வாரங்களுக்குச் சர்க்கரை அளவைத் தொடர்ந்து அளக்கும் கருவி. ஐரோப்பாவில் 2014இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 செப்டம்பரில் இதற்கு அனுமதி வழங்கியது. இந்தியாவிலும் கிடைக்கும் இந்தக் கருவியைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் செயலியின் வசதி, திரையில் தெரியும் வரைபடம், விலை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. மின்வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையிலும், இதை அணிந்து பார்த்த நீரிழிவு நோயாளி என்ற முறையிலும், இதன் தகுதியும் குறையும் தோலுக்குள் நுழையும் சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள இழையில்தான் அடங்கியிருக்கின்றன என்று கருதுகிறேன். ஆகவே அந்த இழையைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் பயன்பாடு. அதனுடன் வரும் சாதனத்தைக் கையில் வைத்து அழுத்தினால் சென்சார் ஒட்டிக்கொள்ளும். வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் கழித்து அளவுகள் வரத் தொடங்கும். நான் அணிந்த முதல் தலைமுறைச் சென்சாரில், கைபேசியை அருகில் கொண்டுசென்றால் அப்போதைய அளவும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியும், கடந்த 8 மணி நேரத்தின் வரைபடமும் கிடைக்கும். தொழிற்சாலையிலேயே அளவு திருத்தப்பட்டு வருவதால், விரலில் குத்தி எடுத்த அளவைக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டிய தேவை இல்லை. சாப்பாட்டுக்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்க்கிறவருக்குக் கிடைப்பவை இரண்டு புள்ளிகள் மட்டுமே. அவற்றுக்கு இடையில் காலைப் பொங்கல் எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனது, அதன்பின் நடந்த நடை எவ்வளவு இறக்கியது என்பதை இந்தச் சென்சார் முழுக் கோடாகக் காட்டுகிறது. என் மருத்துவர் மாத்திரையின் நேரத்தை மாற்றியது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

இழையின் நுனியில் இருப்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. அது குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கும்; அவற்றால் உண்டாகும் மின்னோட்டத்தைக் கொண்டே சர்க்கரை அளவு கணக்கிடப்படுகிறது. லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962இல் முன்வைத்த நொதி மின்முனை என்ற கருத்திலிருந்து வளர்ந்த பல கருவிகளில், நொதி குளுக்கோஸிடமிருந்து பெற்ற எலக்ட்ரான்களை ஆக்சிஜன் வாங்கி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும். அந்தப் பெராக்சைடைத்தான் பிளாட்டினம் மின்முனை அளக்கும். இந்த வழியில் இரண்டு இடர்கள் உண்டு. திசுத் திரவத்தில் குளுக்கோஸை விட ஆக்சிஜன் மிகக் குறைவு என்பது ஒன்று. பெராக்சைடை அளக்கத் தேவைப்படும் உயர்ந்த மின்னழுத்தத்தில் பாராசிட்டமால் போன்ற மருந்துகளும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதாவது எலக்ட்ரானை இழந்து, பொய்யான மின்னோட்டத்தைத் தரும் என்பது மற்றொன்று.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஹெல்லர் இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தார். ஆஸ்மியம் என்ற உலோகத்தின் அணுக்களைத் தாங்கிய நீளமான பாலிமர் சங்கிலிகளோடு நொதியைப் பிணைத்து, அந்த ஆஸ்மியம் மையங்கள் வழியாகவே எலக்ட்ரான்கள் கை மாறிக் கை மாறிக் கார்பன் மின்முனையைச் சென்றடையச் செய்தார். ஆக்சிஜனைச் சார்ந்திருக்க வேண்டிய நிலை போயிற்று. மின்னழுத்தமும் வெகுவாகக் குறைந்ததால் பாராசிட்டமாலின் குறுக்கீடும் நீங்கியது. அவர் 1996இல் தம் மகனுடன் சேர்ந்து தொடங்கிய தெராசென்ஸ் நிறுவனத்தை 2004இல் அபாட் வாங்கியது. இந்த வேதியியலைக் கொண்டு 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நேவிகேட்டர் என்ற முந்தைய கருவி 5 நாள் மட்டுமே அணியத்தக்கது. விரலில் குத்தி அளவு திருத்தமும் செய்தாக வேண்டும். அங்கிருந்து 14 நாளுக்கும் திருத்தமே வேண்டாத நிலைக்கும் வந்ததை, பளபளப்பான எந்தச் செயலியை விடவும் பெரிய சாதனையாக மதிக்கிறேன். நொதி என்பது வெப்பத்துக்கும் காலத்துக்கும் தளரும் புரதம்; அதை மனித உடலின் சூட்டில் இரண்டு வாரம் ஒரே சீராக வேலை செய்ய வைப்பது எளிதன்று.

குறைகளையும் அதே வேதியியல்தான் விளக்குகிறது. குறைந்த மின்னழுத்தத்திலும் வைட்டமின் சி ஆக்சிஜனேற்றம் அடையும். நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி மாத்திரை எடுத்தால் சர்க்கரை உண்மையை விட உயர்ந்து தெரியலாம் என்ற எச்சரிக்கை இதனால் வந்ததே. சளி பிடித்தால் இந்த மாத்திரையைக் கேட்டு வாங்கிச் சப்பும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருப்பதால், மருந்துக்கடைக்காரர்கள் சென்சாரை விற்கும்போதே இதைச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். கருவி அளப்பது இரத்தத்தை அன்று, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தை. எனவே சர்க்கரை வேகமாக மாறும்போது அளவு சில நிமிடங்கள் பின்தங்கும். முதல் தலைமுறைக்கான அமெரிக்க ஆய்வு 2015இல் வெளியிட்ட, இரத்த அளவிலிருந்தான சராசரி விலகல் 11.4 விழுக்காடு. இன்சுலின் போடுபவர்கள், உடல் சொல்வதும் திரை சொல்வதும் ஒத்துப்போகாத நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

இப்போது ‘நானோ’ என்ற அடைமொழியோடு பல சென்சார்கள் அறிவிக்கப்படுகின்றன. மீநுண் கார்பன் பொருள்களான நானோகுழாயோ கிராஃபீனோ இருந்தால் இடைத்தரகரான ஆஸ்மியம் இல்லாமலேயே நொதியிலிருந்து எலக்ட்ரான் நேராக மின்முனைக்குப் பாயும் என்பது அவற்றின் வாக்குறுதி. குளுக்கோஸ் ஆக்சிடேஸில் வினை நடக்கும் இடமான செயல்மையம் புரத மடிப்புகளுக்குள் ஆழமாகப் புதைந்திருப்பதால் இதை நான் எளிதில் ஏற்பதில்லை. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் பார்ட்லெட்டும் சக ஆய்வாளரும் 2018இல், இயல்பான நிலையிலுள்ள இந்த நொதியைப் பொறுத்தவரை அத்தகைய நேரடிக் கடத்தலுக்குச் சான்று இல்லை என்றே எழுதினர்.

நானோபொருள்களின் உண்மையான பலன், சிறு இடத்தில் மிகப் பெரிய மேற்பரப்பைத் தருவதில் இருக்கிறது. அது மிகவும் தேவைப்படும் இடம், குளுக்கோஸ் போன்றவற்றிலிருந்து நொதிகளின் உதவியால் மின்சாரம் எடுக்கும் உயிரி எரிபொருள் மின்கலம். சென்சாருக்கு நானோ ஆம்பியர் அளவிலான மின்னோட்டமே போதும், மின்கலத்துக்கோ திறன் வேண்டும். ஹெல்லரின் குழு 2003இல் ஒரு திராட்சைப் பழத்துக்குள் பொருத்திய நுண்கலம், அதன் சாற்றிலுள்ள குளுக்கோஸைக் கொண்டு 0.52 வோல்ட்டில் 2.4 மைக்ரோவாட் தந்தது. பிரான்ஸின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 2011இல் நானோகுழாய்களை நொதிகளோடு சேர்த்து அழுத்தி வில்லைகளாக்கி, சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட்டுக்கும் மேல் எடுத்துக்காட்டினர். அங்கே எலக்ட்ரான் நேரடியாகவே கடந்தது என்ற விளக்கம் மேற்சொன்ன ஐயத்துக்கு உட்பட்டது. கிடைத்த திறன் மெய். லிப்ரேயின் உள்ளிருக்கும் சிறு பேட்டரி இரண்டு வாரத்தில் சென்சாரோடு குப்பைக்குப் போகிறது. அணிபவரின் குளுக்கோஸே கருவிக்கு மின்சாரமும் தரும் நாள் வர வேண்டுமானால், இத்தகைய மின்முனைகள் மாதக்கணக்கில் தளராமல் இருந்தாக வேண்டும்.

இன்சுலின் எடுத்துக்கொள்பவர்களுக்கும், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும் அனுபவம் உள்ளவர்களுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இரவில் தாழும்போது எழுப்பும் ஒலி தேவைப்படுவோர் முதல் தலைமுறையைத் தவிர்த்துப் பிந்தைய மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும். மாத்திரையில் கட்டுப்பாட்டோடு இருப்பவர்கள், சிகிச்சையை மாற்றும் தருணத்தில் மருத்துவரின் ஆலோசனையோடு ஒன்றை மட்டும் அணிந்து பார்த்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் சில ஆயிரம் ரூபாய் ஆவதால் ஆண்டு முழுவதும் அணிவது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தாங்காது. ஒட்டுப்பசை சிலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தந்திருப்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அரிப்போ சிவப்போ கண்டால் உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.