சங்க அறிவிப்புக்கு எது ஏற்றது: வாட்ஸ்அப் குழுவா, மின்னஞ்சலா?

பொறியாளர் சங்கக் கூட்டத்தின் அரங்கு கடைசி நேரத்தில் மாறினால் வாட்ஸ்அப்பை மிஞ்ச எதுவும் இல்லை. கிளம்பிக்கொண்டிருப்பவரின் கைக்கே செய்தி போய்விடும். ஆனால் தொழில்நுட்ப உரை பற்றிய அறிவிப்பு அங்கே நிலைப்பதில்லை. "வாழ்த்துகள்", கைகூப்பும் படங்கள் என வரிசையாக வரும் பதில்களுக்கு அடியில் பதிவுக்கான கடைசித் தேதி புதைந்துபோகிறது. குழுவில் 1024 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. ஒருவரின் கைபேசி எண் குழுவில் எல்லோருக்கும் தெரிவதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது.

மின்னஞ்சலைச் சிலர் திறப்பதே இல்லை, உண்மைதான். இருந்தாலும் பேச்சாளர் குறிப்பு, கட்டணம், இடம் எல்லாம் ஒரே மடலில் இருக்கும். எப்போது தேடினாலும் கிடைக்கும். நாட்காட்டிக் கோப்பை இணைத்தால் நேரத்தையும் எளிதில் குறித்துக்கொள்ளலாம். நிர்வாகக் குழுத் தேர்தல், விதித் திருத்தம் போன்றவற்றுக்கு மின்னஞ்சலே முறை. ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி, முகவரிகளை மட்டும் மறைநகலில் (BCC) இடுங்கள்.